அணியத்தில் ஒரு கை

கொமிஷா, விஸ் தீவு
1997 ஜூலை 12

அன்புள்ள பெரினா,

தொலைபேசியில் உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. தபால் நிலையக் கூண்டுக்குள் வேர்க்க வேர்க்க நின்று கூப்பிட்டால் உன் தங்கை டோங்கா எடுக்கிறாள். முதல் தடவை, "அவ தூங்குறா" என்றாள். அடுத்த தடவை, "அவ குளிக்கிறா" என்றாள். நேற்று, "ரோக்கோவா? அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். நான் எப்போது கடிதம் எழுதினேன்? பத்தடி அகலப் படகில் ஒன்றாகக் குடியிருந்த புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் எதற்கு?

காயம் ஆறி வருகிறதா? இரண்டு விரலோடு போயிற்று, கட்டைவிரல் தப்பியதே பெரிய விஷயம் என்று ஸ்பிலிட்டில் மருத்துவர் சொன்னார். அதை நினைத்துக்கொள். கட்டைவிரல் இருந்தால் முக்கால் கை இருக்கிற மாதிரி என்று எங்கள் கப்பல் பட்டறையில் சொல்வார்கள்.

நம் படகு லாஸ்தா நன்றாக இருக்கிறாள். உன் ரத்தக்கறையை மேல்தளத்தில் உப்புத் தேய்த்துக் கழுவிவிட்டேன். வாளியில் நீ வைத்த தக்காளிச் செடி காய்த்திருக்கிறது. இரண்டு பழம் தின்றேன், மீதி உனக்காக விட்டிருக்கிறேன். படகில் தனியாகச் சமைத்துத் தின்ன எனக்கு வரவில்லை. கரையில் மத்தி பொரித்துத் தருகிறார்கள், அதைத் தின்று காலம் தள்ளுகிறேன்.

நடந்ததைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். படகைப் பின்பக்கமாகக் கரைக்கு அணைக்கும்போது நங்கூரச் சங்கிலி சிக்கினால் நீ முதலில் கையைத் தூக்க வேண்டும். நான் எஞ்சினைத் தணிப்பேன். பிறகுதான் நீ சங்கிலியில் கை வைக்க வேண்டும். பதினோரு வருடமாக அதுதான் நம் சட்டம். அன்றைக்கு நீ கையைத் தூக்கவில்லை. குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மருத்துவர் கேட்டார், அப்படித்தான் சொன்னேன். கரையில் கேட்கிறவர்களிடமும் அப்படித்தான் சொல்கிறேன். அவசரத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான்.

வடகிழக்கிலிருந்து அந்தக் குளிர்ப் போரா காற்று இறங்குவதற்குள் வந்துவிடு. குளிர்காலத்துக்கு எங்கே கட்டுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

உன் ரோக்கோ


ராப்
ஜூலை 21

ரோக்கோ,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். "அன்புள்ள" போடவில்லை. இந்தக் கைக்கு ஒவ்வொரு எழுத்தும் பாரம், வேண்டாத சுமையை ஏன் ஏற்றுவது?

டோங்காவைத் திட்டாதே. சொல்லச் சொன்னது நான். தொலைபேசி என்றால் நீ கத்துவாய், பிறகு நான் கத்துவேன், மறுநாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பாய். காகிதத்தில் அது நடக்காது. எழுதியது எழுதியபடி கிடக்கும்.

நான் கையைத் தூக்கினேன்.

வெயில் பளிச்சென்று அடித்தது. காற்றும் பிள்ளைப்பூச்சி மாதிரி வந்துகொண்டிருந்தது. கரைக் கடையில் எல்லா நாற்காலியிலும் ஆள். எவன் படகை எப்படிக் கட்டுகிறான் என்று பார்ப்பதுதானே அவர்களுக்குப் பொழுது. முன் வரிசையில் உன் பழைய கப்பல் கேப்டன் விட்சே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் நீ தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டாய். சிரித்துக்கொண்டேதான் நான் அணியத்துக்குப் போனேன். படகின் அந்த முன்முனைதானே என் இடம். நங்கூரத்தை விட்டேன். நீ பின்னால் போனாய். பாதியில் சங்கிலி உருளையில் ஏறி மாட்டிக்கொண்டது. கையைத் தூக்கினேன், ஐந்து விரலையும் விரித்து. அப்போது ஐந்து இருந்தது. எஞ்சின் தணிந்தது. நீ பார்த்துவிட்டாய் என்று நம்பிக் குனிந்தேன்.

நீ தணித்தது எனக்காக இல்லை. விட்சே கத்தியதைக் கேட்பதற்காக. "என்னடா ரோக்கோ, இன்னிக்காவது ஒரே தடவையில கட்டுவியா?" என்றார். "பாத்துக்கிட்டே இரு!" என்றாய். இந்த இரண்டு வாக்கியமும் எனக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த நொடி படகு பின்னால் பாய்ந்தது.

இதை நான் விபத்து என்றே வைத்துக்கொள்ளத் தயார். விரலைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் முழுதாகத் தெளியாமல் கிடந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் நின்று நீ மருத்துவரிடம், "அவ கையத் தூக்காமலே உள்ள விட்டுட்டா, டாக்டர். எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையாகவே வலித்தது.

ஒரு வரி எழுதி அனுப்பு: "நான் உன் கையைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." உன் கையெழுத்தில், அவ்வளவுதான். அது வருகிற அன்று பையைக் கட்டுகிறேன். வராவிட்டால் நான் படகேற மாட்டேன்.

பெரினா


கொமிஷா
ஆகஸ்ட் 3

பெரினா,

இது என்ன, கோர்ட்டா? வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். வயதான காலத்தில் நமக்குள் இப்படி ஒரு வரிக்காக மல்லுக்கு நிற்பதைக் கேட்டால் ஊர் சிரிக்கும். நீ அணியத்தில் இருந்தாய், நான் சுக்கானில் இருந்தேன். அவரவர் இடத்திலிருந்து அவரவருக்குத் தெரிந்ததுதான் தெரியும். இதோடு விடு.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உன் விரலோடு கல்யாண மோதிரமும் போயிற்றே, அதைத் தேடி ஒரு மாதமாக முழுகிக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்துக்கு அடியில் எப்படிப்பட்ட சேறு என்று உனக்குத் தெரியும். கையை விட்டால் முழங்கை வரை போகிறது. பாட்டில், நாற்காலிக் கால், யாருடைய பல் செட்டோ ஒன்று, எல்லாம் கிடைத்தது. மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. காது அடைத்து, ஒரு பக்கம் மணி அடிக்கிற மாதிரி இருக்கிறது. விடமாட்டேன்.

கரையில் இதே பேச்சுதான். நேற்று நான் மேலே வந்து படகைப் பிடித்து மூச்சு வாங்கியபோது விட்சே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "ரோக்கோ, என் சர்வீஸ்ல இப்படி ஒரு புருஷனப் பாத்ததில்லடா" என்றார். ரொட்டிக்கடைக்காரி தினமும் ஒரு ரொட்டி சும்மா தருகிறாள். "அந்தம்மா குடுத்து வச்சவங்க" என்கிறாள். நீ கொடுத்து வைத்தவளா இல்லையா என்று நீயே சொல்.

தக்காளி முடிந்துவிட்டது. செடி வாடிக்கிடக்கிறது. நீ பேசிப் பேசி வளர்த்ததால் என் பேச்சுக்கு அது மசியவில்லை.

ரோக்கோ


ராப்
ஆகஸ்ட் 12

ரோக்கோ,

முழுகாதே. காது போய்விடும்.

மோதிரம் கடலில் இல்லை. சங்கிலி பிடிக்கிறவள் யாராவது மோதிரத்தோடு போவாளா? படகேறின முதல் வருடம் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நீதான். அன்றிலிருந்து நங்கூரம் விடுகிற போதெல்லாம் மோதிரத்தைக் கழற்றி, அடுப்புக்கு மேலே காபிப் பாத்திரம் தொங்குகிற கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் மேலே வருவேன். கட்டி முடித்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வேன். எத்தனை துறைமுகம், எத்தனை மாலை! உன் கண்முன்னாலேயே செய்திருக்கிறேன்.

அன்றைக்கும் மாட்டினேன். அங்கேதான் இருக்கும். காபிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினானாம் ஒருவன். இந்தத் தீவில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை, அதனால் தினமும் உன் நினைவு வருகிறது.

ரொட்டிக்கடைக்காரிக்கு என் வணக்கம் சொல். அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை.

பெரினா


கொமிஷா
ஆகஸ்ட் 19

இருக்கிறது. கொக்கியில்தான் இருக்கிறது.

ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், இல்லையா? நீ சொல்லாததால் நான் சேற்றில் முழுகினேன். இதற்கும் நான்தான் பொறுப்பா? உனக்கு மோதிரம் எங்கே என்று தெரியும், நான் தேடுவேன் என்றும் தெரியும். நீ வேண்டுமென்றே என்னை முழுகவிட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்று நாளாக யூகோ காற்று. வானம் ஈரச்சாக்கு மாதிரி தலைமேல் தொங்குகிறது, மண்டை இடிக்கிறது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. யூகோ அடிக்கிற நாளில் செய்த தப்புக்குத் தண்டனையைக் குறைப்பார்களாம் அந்தக் காலத்தில். அதையும் கொஞ்சம் மனதில் வை.

விட்சேயிடம் மோதிரம் கிடைத்துவிட்டது என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஒரு சுற்று ராக்கியா குடித்தார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் குடித்தார்கள்.

ரோ.


ராப்
செப்டம்பர் 7

ரோக்கோ,

நீ மோதிரம் தேடி முழுகுவாய் என்று நான் கனவா கண்டேன்? ஆகஸ்ட் மூன்றாம் தேதிக் கடிதத்தில்தான் தெரிந்தது, கிடைத்த வாரமே பதில் போட்டேன். தேதியைப் பார். கடிதத்தின் நன்மையே அதுதான்.

யூகோவைப் பற்றி எழுதியிருந்தாய். என் விரல் போன அன்று யூகோ இல்லை. மேற்கிலிருந்து நல்ல வெயில் காற்று அடித்தது. காற்றின் மேல் பழி போட வேண்டுமென்றால் வேறு நாளைப் பார்த்து என் விரலை எடுத்திருக்க வேண்டும்.

கைதட்டியதை வாங்கிக்கொண்டாயே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். உனக்குக் கூச்சமாகவே இல்லையா?

இங்கே என் பிழைப்பைச் சொல்கிறேன். டோங்கா என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருக்கிறாள். உருளைக்கிழங்கு உரிக்கவிடுவதில்லை. கட்டிலில் படுத்தால் அது ஆடுவதில்லை, எனக்குத் தூக்கம் வருவதில்லை. லாஸ்தா மேல் எனக்கு ஆசை போய்விட்டது என்று நினைக்காதே. அந்தப் படகை வாங்க ஸ்பிலிட் வீட்டை விற்றபோது உன்னைவிட நான்தான் குதித்தேன். விடியற்காலையில் சங்கிலியை இழுத்துப் போட்டுவிட்டு, பாய் ஏற்றி, எஞ்சின் அணைந்ததும் ஒரு அமைதி வருமே, அதற்காகவே இன்னொரு பிறவி எடுக்கலாம். உன்னையும்தான். காபியோடு அணியத்துக்கு வந்து பக்கத்தில் உட்காருகிற ரோக்கோ எனக்கு வேண்டும். கரையில் ஆள் இருந்தால் வருகிற ரோக்கோ வேண்டாம்.

போன வாரம் டோங்கா வீட்டுக்காரர் நடாலின் வலை போடக் கிளம்பினார். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல். நான் வருகிறேன் என்றேன். டோங்கா கத்தினாள், "இருக்கிற மூணையும் குடுத்துட்டு வரப்போறியா?" என்று. நடாலின் பேசுகிற மனிதர் இல்லை, தெரியுமே. "வரட்டும்" என்றார், அவ்வளவுதான். அணியத்தில் நின்றேன். நங்கூரக் கயிறு பாறையில் மாட்டியது. கையைத் தூக்கினேன். மூன்று விரல் கை, தூக்க வெட்கமாக இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. திரும்பினால் அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் இறக்கும் வரை கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டோங்கா கை வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள்.

பதினோரு வருடம் நீயும் அப்படிப் பார்த்தாய் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சில நாள் பார்த்தாய், சில நாள் பார்க்கவில்லை, சங்கிலி மாட்டாததால் எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்படித்தானே?

எழுது. ஒரு வரிதான்.

பெரினா


பியோகிராட், படகுப் பட்டறை
அக்டோபர் 5

என் அன்புப் பெரினா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நல்ல சேதி.

ஒரு மாதமாக நான் எழுதவில்லை என்று கோபித்திருப்பாய். வேலையில் இருந்தேன். லாஸ்தாவைப் பியோகிராட் பட்டறைக்குக் கொண்டுவந்து கரையேற்றி, அணியத்தைப் பிரித்துவிட்டேன். இனிமேல் சங்கிலியைக் கையால் தொடவே வேண்டியதில்லை. மின்சார மோட்டார் போட்டாயிற்று. பொத்தான் எங்கே தெரியுமா? சுக்கானுக்குப் பக்கத்தில், என் வலது முழங்கால் உயரத்தில். ஒரு அழுத்து, நங்கூரம் இறங்கும். இன்னொரு அழுத்து, ஏறும். எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒரு முள் காட்டுகிறது. சிக்கினால் தானே நின்றுவிடும். நான் ஒரு ஆளாகவே லாஸ்தாவைக் கட்டிவிடலாம், அவிழ்த்துவிடலாம். நேற்று கடலில் இறக்கிச் சோதித்துப் பார்த்தேன். பட்டறை மேஸ்திரி சொன்னான், "தாத்தா, இனி உங்களுக்குப் பெண்டாட்டியே வேணாம்" என்று. ஒரு போடு போட்டேன். "மடையா, பெண்டாட்டிக்காகத்தான்டா இதையே போட்டது" என்றேன்.

நிசமாகவே உனக்காகத்தான். நீ இனி அணியத்துக்கு ஓட வேண்டாம். பின்பக்கம் நிழல்துணிக்கு அடியில் மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குள் நுழையும்போது நீ ராணி மாதிரி உட்கார்ந்து அத்திப்பழம் தின்னலாம். இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும், சொல். ஒரு வரி எழுதுவது பெரிதா, இது பெரிதா?

மோதிரத்தை எடுத்து மெருகு போட்டு, என் கழுத்துச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கிறேன். எந்த விரலில் போடுவது என்று நேரில் பார்த்து முடிவு செய்வோம். இடது கையும் கைதானே.

வரட்டுமா? ஒரு வார்த்தை சொல். போரா ஆரம்பிப்பதற்குள் ராப் வந்துவிடலாம்.

உன் ரோக்கோ


ராப்
அக்டோபர் 16

ரோக்கோ,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். டோங்கா எடுத்து நீவி மேசைமேல் வைத்தாள், மூன்றாம் தடவை படித்தேன்.

நீ நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைக்கிறாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கையை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக, இனி யார் கையையும் பார்க்கத் தேவையே இல்லாதபடி படகை மாற்றிவிட்டாய். அணியத்தில் இருந்த என் இடத்தை எடுத்துவிட்டு மெத்தை கொடுக்கிறாய். அத்திப்பழம் தின்னவா நான் வீட்டை விற்றேன்?

இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். டோங்கா, "விடுடி, அவன் மண்டைக்கு அவ்வளவுதான் எட்டும். ஆம்பளைங்க மன்னிப்புக் கேக்கத் தெரியாம மோட்டார் வாங்கித் தர்றாங்க" என்றாள். அவளே உனக்காகப் பேசுகிறாள் என்றால் பார்த்துக்கொள். ராத்திரி காற்று சன்னலைத் தட்டினால் லாஸ்தாவின் கயிறு தளர்ந்துவிட்டதோ என்று எழுந்து உட்காருகிறேன். இந்த வயதில் வீம்பைக் கட்டிக்கொண்டு தூங்க முடியவில்லை, ரோக்கோ. உன்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு ஆசையும் இருக்கிறது. அதுதான் என் துரதிர்ஷ்டம்.

அதனால் வரியை விட்டுவிடுகிறேன். எழுத வேண்டாம். அதற்குப் பதில் இது.

வா. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. ராப் துறைமுகத்துக்குள் நுழைகிற இடத்தில், தடுப்புச்சுவரின் முனையில் பச்சை விளக்குக் கம்பம் இருக்கிறது. நீ நுழையும்போது வலது பக்கம், துடுப்பு நீட்டினால் தொடுகிற தூரம். அதன் கீழே நான் நிற்பேன். கடையில் உட்கார்ந்திருக்க மாட்டேன், கரையில் நிற்க மாட்டேன், விளக்கின் கீழே நிற்பேன். மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருப்பேன், பக்கத்தில் பை இருக்கும். கையைத் தூக்குவேன். நீ எஞ்சினைத் தணித்து அணியத்தை முனைக்குக் கொண்டுவா. ஏறிக்கொள்கிறேன். உள்ளே போய்க் கட்டுவதை இரண்டு பேருமாகச் செய்யலாம், உன் பொத்தானையும் பார்க்கிறேன்.

இதை மறக்காதே. பச்சை விளக்கு.

பெரினா


சில்பா
நவம்பர் 2

பெரினா, என் தங்கமே,

உன் கடிதம் பியோகிராட் தபால் நிலையத்தில் கிடைத்தது. வாசித்துவிட்டு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கிழவன் அழுகிறான் என்று ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்தாள்.

நேற்று எல்லாப் புனிதர் நாள். இங்கே கல்லறையில் தெரிந்தவர் யாரும் இல்லை, ஆனாலும் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினேன், உன் விரல் இரண்டுக்கும். சிரிக்காதே.

போரா ஊதிக்கொண்டிருக்கிறது. வாரக் கடைசியில் அடங்கும் என்கிறார்கள். ஞாயிறு ஒன்பதாம் தேதி, மதியத்துக்கு மேல் ராப். பச்சை விளக்கு, முனை, மஞ்சள் கோட்டு. எல்லாம் நினைவிருக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாம் சொல்கிறார்கள், ராப்பில் ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்க ஆளாம், பூசை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். லாஸ்தாவுக்குப் புதுப் பெயின்ட் அடித்தது நல்லதாய்ப் போயிற்று.

உன் ரோக்கோ


ராப், லாஸ்தாவிலிருந்து
நவம்பர் 9, சாயங்காலம்

பெரினா,

நீ வரவில்லை.

இதைக் கடைப் பையன் மூலம் கொடுத்தனுப்பாமல் நானே கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கதவைத் தட்டினேன். டோங்கா மாடிச் சன்னலைத் திறந்து, "ஒம் பொத்தானக் கட்டிக்கிட்டுப் படுறா!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. கடல் முழுக்க உன்னை நினைத்துக்கொண்டே வந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். காற்று குறுக்கே அடித்தது, இடமோ இரண்டு படகுக்கு நடுவே ஒரு சந்து. சுக்கானை விடாமல் பொத்தானை அழுத்தினேன். ஒரே தடவை! நூல் பிடித்த மாதிரி உள்ளே போனேன். கடையிலிருந்து பரிமாறுகிறவன் ஓடி வந்து கயிற்றை வாங்கினான். அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். நான் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு உன்னைத் தேடினேன். உனக்கும் சேர்த்துத்தானே அந்தக் கைதட்டல். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன். மஞ்சள் கோட்டு எங்குமே இல்லை.

பச்சை விளக்கின் கீழே நிற்பேன் என்று எழுதியிருந்தாய். தெரியும். ஆனால் நுழைகிற நேரத்தில் எந்த மனுஷன் முனையைப் பார்த்துக்கொண்டிருப்பான்? இடம் இருக்கிறதா, எங்கே கட்டுவது, யார் யார் இருக்கிறார்கள் என்று அதில்தானே கண் போகும். நான் முனையைப் பார்க்கவே இல்லை, கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாததா? நீ அங்கே நின்றிருந்தால் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. குளிரில் அங்கே நிற்க மாட்டாய், கடைக்குள் வந்து உட்கார்ந்திருப்பாய் என்றுதான் நான் நினைத்தேன்.

மோதிரம் என் கழுத்தில் இருக்கிறது. இரண்டு நாள் இங்கே கட்டியிருப்பேன். வா.

ரோக்கோ


ராப்
நவம்பர் 10

ரோக்கோ,

நின்றேன். மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, லாஸ்தாவின் பாய் தீவு முனையில் தெரிந்ததிலிருந்து நின்றேன். பக்கத்தில் வந்தபோது கையைத் தூக்கினேன். அணியம் என் முன்னால் போயிற்று, காலியாக இருந்தது. உன் தொப்பி போயிற்று. உன் காதைப் பார்த்தேன், காதில் பஞ்சு வைத்திருந்தாய். நீ திரும்பியிருந்தால் என் கோட்டின் பொத்தானை எண்ணியிருக்கலாம்.

குரல் கொடுக்கவில்லை. குரல் கேட்காது என்பதற்காகத்தான் நமக்குக் கை என்று பேசி வைத்தோம். கைதட்டல் கேட்கிற வரை தூக்கியபடியே நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாம். கால் போகவில்லை.

உன் கடிதத்தை டோங்கா கிழித்துப் போடப் பார்த்தாள். நான் வாங்கிப் படித்தேன். ஜூலையிலிருந்து நான் கேட்ட வரி அதில் இருக்கிறது. நான்காவது பத்தியில், உன் கையெழுத்தில், கிட்டத்தட்ட நான் சொன்ன வார்த்தைகளிலேயே. நீ அதை எழுதியது உனக்கே தெரியாது. வேறொரு நாளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. எனக்கு இரண்டு நாளுக்கும் அது போதும். அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன், மற்றதை டோங்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வரி வந்தால் பையைக் கட்டுவேன் என்று எழுதியிருந்தேன். கட்டிய பை வாசலிலேயே இருக்கிறது. இப்போது அதைப் பிரித்து அலமாரியில் அடுக்கப் போகிறேன். எனக்கு அழுகையாக வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் நீ "அவளுக்கு ஒண்ணுமே இல்ல" என்று எங்காவது சொல்லக் கூடாது.

லாஸ்தாவை நீயே வைத்துக்கொள். தனியாக ஓட்டத்தான் அவளை மாற்றியிருக்கிறாய். நாளைக்கு மறுநாள் போரா திரும்பவும் வரும், அதற்குள் தெற்கே இறங்கிவிடு. காதைக் காட்டு, யாராவது நல்ல மருத்துவரிடம்.

மோதிரத்தைக் கழுத்திலிருந்து எடுத்து அடுப்புக்கு மேலே அந்தக் கொக்கியிலேயே மாட்டிவிடு. நாளைக் காலை நடாலினோடு வலைக்குப் போகிறேன், அவருக்கு அணியத்தில் ஆள் வேண்டும். சங்கிலி பிடிக்கிறவள் மோதிரம் போடக் கூடாது.

பெரினா